திலாப்பியாவுக்கு முறை மாப்பிள்ளை

பெல்கிரேவ் றப்பர்த் தோட்டத்து ஜனங்களை முன்னேற்ற வந்தவை பல. முதலில் காளான் வந்தது. அதை மழை தின்றது. பிறகு ஆடுகள் வந்தன. அவற்றை யார் தின்றார்கள் என்று கேட்பது மரியாதையாக இராது. 2006ஆம் ஆண்டு மீன் வந்தது. றப்பர் ஸ்டோருக்குப் பின்னால் வெறுமனே கிடந்த பழைய சீமெந்துத் தொட்டிகளைக் கழுவி, அவற்றில் திலாப்பியா வளர்த்து, குஞ்சுகளைத் தெஹியோவிட்டப் பக்கத்துக் குளக்காரர்களுக்கு விற்க வேண்டும். வரும் இலாபம் தோட்டத்து மாதர் சங்கத்துக்கு. இதுதான் திட்டம்.

பொறுப்பாக வந்த அதிகாரி ஞானசேகரம் வடக்கே சாவகச்சேரிக்காரர். அவிசாவளையில் மனைவியோடு குடியிருந்தார். நல்ல மனிதர், யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லமாட்டார். யாருடைய மனமும் நோகக்கூடாது என்பதில் அவர் காட்டிய கவனத்தில் பாதியை வேறு எதிலாவது காட்டியிருந்தால் இந்தக் கதையே நடந்திராது.

இது சும்மா மீன் அல்ல, பரிசோதித்த மீன் என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். சின்னத் தொட்டிகளில் அண்ணனும் தங்கையும் தெரியாமலே சேர்ந்து சேர்ந்து மீன் தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துப் போகிறது. ஆகவே ஒவ்வொரு மீனின் முதுகிலும் இலக்கத் தகடு குத்தி, செட்டை நுனியில் கொஞ்சம் வெட்டி, ஸ்பிரிட் குப்பியில் போட்டுக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அங்கே மரபணுவைப் பார்த்து, எந்த மீனுக்கு எது தாய், எது தகப்பன், எது பாட்டன் என்று சொல்லிவிடுவார்கள். உறவில்லாத, நன்றாக வளரும் மீன்களாகப் பார்த்துச் சோடி சேர்த்தால் குஞ்சு கொழுக்கும்.

குப்பிகளைக் கொண்டுபோன முதல் பயணத்தில் யுத்த கால வழிச்சோதனையில் இராணுவத்தினர் ஜீப்பை நிறுத்தினார்கள். ஞானசேகரத்துக்குப் பயத்தில் சிங்களம் மறந்துவிட்டது. சாரதிதான் இறங்கி, மீன்களின் பிறப்பு வளர்ப்பை விசாரிக்கப் போகிறோம் என்று விளக்கினான். சிப்பாய் ஒரு குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்து, இப்போது மீனுக்கும் அடையாள அட்டையா என்று கேட்டுச் சிரித்துவிட்டு, குப்பியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். அந்தத் துடைப்பிலிருந்த அக்கறையை ஞானசேகரம் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

மீன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை விஜயகலாவுக்குக் கிடைத்தது. அவள் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். மழை நாளில் மலையில் சறுக்கி விழுந்து முழங்கால் கெட்டுப்போனபின் மேட்டில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் லயம் என்ற வரிசை வீடுகளில் ஒரு காம்பரா. அவள் கணவன் இந்திரகுமார் வெளியிலிருந்து வந்து ஆட்டோ ஓட்டுகிறவன், தோட்டப் பதிவில் பெயரில்லாதவன். ஆகவே மீன் வேலை போனால் காம்பராவும் போகும். கைக்குழந்தையோடு போக அவர்களுக்கு வேறு இடமில்லை. தொட்டிகள் சமதரையில் இருந்தது அம்மன் செய்த உபகாரம் என்று அவள் நம்பினாள்.

வெளிநாட்டிலிருந்து பணம் தந்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். மீன்களை அதிகாரி சோடி சேர்க்கக்கூடாது. மக்களே ஒரு குழு அமைத்துச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் அது மக்கள் பங்களிப்பாகுமாம். தோட்டத்தில் சோடி சேர்ப்பதென்றால் அது ஏழுமலையின் வேலை. கோயில் கமிட்டித் தலைவர். எந்த லயத்தில் யாருக்கு யார் என்ன முறை என்பதை மூன்று தலைமுறைக்கு மூச்சுவிடாமல் சொல்வார். அவரைக் கேளாமல் பெல்கிரேவில் ஒரு பந்தற்கால் ஊன்றப்பட்டதில்லை. ஒருமனதாக அவரையே மீன் குழுவுக்கும் தலைவராக்கினார்கள்.

ஏழுமலைக்கு ஒரு மனக்குறை உண்டு. காலஞ்சென்ற தங்கை அழகம்மாவின் மகள்தான் விஜயகலா. அவர் மகன் சசிக்கு அவள் முறைப்பெண். தொட்டிலிலேயே பேசி வைத்தது. அவளோ பஸ்ஸில் பழக்கமான இந்திரகுமாரைக் கட்டிக்கொண்டாள். சசி இதில் துளியும் வருந்தவில்லை. கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, கட்டியபின் போனில் சொன்னான். அந்தக் கோபமும் விஜயகலாவின் கணக்கிலேயே ஏறியது. அவள் எதிரே வந்து "மாமா" என்றால், அவர் அவளுக்குப் பின்னாலிருக்கும் மரத்தைப் பார்ப்பார்.

கோயில் மடத்தில் ஞானசேகரம் வகுப்பு நடத்தினார். கரும்பலகையில் பாட்டன் மீன், பாட்டி மீன் எல்லாம் வரைந்து கோடு போட்டுக் காட்டினார். ஏழுமலை எழுந்து நின்றார்.

"சேர், ஒரே ரத்தம் சேரக்கூடாது. அவ்வளவுதானேங்க?"

அவ்வளவுதான் என்றார் ஞானசேகரம்.

"அதத்தானேங்க காலங்காலமா நாங்களும் செய்றோம். பங்காளிக்குள்ள பொண்ணு எடுக்கமாட்டோம். சித்தப்பன் மக தங்கச்சி, பெரியம்மா மகன் அண்ணன். கட்டுனா மாமன் மக, இல்லாட்டி அத்த மக. மீனுக்கும் அதே முறையில பாத்துச் சேத்துர்றோம்."

ஞானசேகரம் சோக்கைத் தூக்கினார். மரபணுக் கணக்கில் மாமன் மகளும் சித்தப்பன் மகளும் ஒரே தூரம்; இரண்டும் சமமான நெருக்கம். அதை விளக்கப் பாதிக் கோடு போட்டும் விட்டார். அப்போது ஏழுமலை மிகுந்த பிரியத்தோடு கேட்டார்:

"சேர் யாரக் கட்டியிருக்கீங்க?"

"என்ர மாமா மகளைத்தான்."

மடமே மகிழ்ந்தது. பாத்தியா, படிச்சவங்களும் நம்ம மாதிரித்தான் என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். யாரோ அவருக்கு இன்னொரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்தார்கள். அந்தத் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் முறையும் என் கலியாணமும் மீன் கணக்கில் தவறு என்று எப்படிச் சொல்வது? ஞானசேகரம் பாதிக் கோட்டை விரலால் அழித்தார். பிறகு எழுத்தில் தெளிவுபடுத்தலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழுத்தில் இப்படித் தெளிவுபடுத்தினார்: "கூடியவரை உறவு மீன்களைத் தவிர்க்கவும். உள்ளூர் வழமைகளுக்கு மதிப்பளிக்கவும்." இரண்டாவது வசனம் அந்தத் திட்டத்தின் எல்லாக் கடிதங்களிலும் எப்படியும் இருக்கும்.

கொழும்பிலிருந்து பரிசோதனை முடிவு வந்ததும் குழு தொட்டியடியில் கூடியது. அப்படியொரு உற்சாகத்தில் ஏழுமலையை யாரும் பார்த்ததில்லை. தாளை விஜயகலா வாசிப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முறை சொல்வார். பதினேழாம் மீனின் தகப்பனும் இருபத்தோராம் மீனின் தாயும் கூடப்பிறந்தவை என்று அவள் வாசித்தால், "அப்ப அது இவனுக்கு அத்த மக. கட்டலாம்" என்பார். ஒன்பதும் பதின்மூன்றும் நல்ல எடை, சேர்த்துப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, அவை அக்கா தங்கை வயிற்றுப் பிள்ளைகள், அண்ணன் தங்கை முறை, வாயைக் கழுவு என்று அதட்டினார். கேட்டவர் உண்மையாகவே வெட்கப்பட்டார். இந்தப் பெண்ணுக்கு இந்த மாப்பிள்ளைதான் உரிமை, அவனை விட்டு வெளியில் கொடுத்தால் மாமன்காரனுக்கு மரியாதை என்ன என்று ஒரு சோடிக்காக வெகுநேரம் வாதாடினார். மீன்கள் மறுப்புச் சொல்லவில்லை. பஸ்ஸில் யாரையும் பார்த்துப் பழகவில்லை, கொழும்புக்கும் ஓடவில்லை. வலைக்கூட்டுக்குள் விட்டால் விட்ட இடத்தில் இருந்தன. வாழ்க்கையில் முதல்தடவையாக ஏழுமலை சொன்னபடி எல்லாம் நடந்தது.

நாற்பத்திரண்டாம் மீன்தான் சங்கடப்படுத்தியது. இருந்த ஆண்களில் அதுவே பெரியது. அதன் தாய் தகப்பன் இந்தத் தொட்டிகளில் எதற்கும் சொந்தமில்லை என்று ஆய்வுகூடம் எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டிருந்தது. நட்சத்திரம் எச்சரிக்கை என்று குழு எடுத்துக்கொண்டது. ஆத்தா அப்பன் யாரென்று தெரியாதவனுக்கு எங்கள் தொட்டியில் பெண் கிடையாது என்றார் ஏழுமலை. சொல்லும்போது அவர் மீனைப் பார்க்கவில்லை. விஜயகலா தாளை மடித்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை குழம்பாயிற்று. நல்ல சதைப்பற்று என்று தின்றவர்கள் சொன்னார்கள்.

திலாப்பியாப் பெண்மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். பொரித்துக் குஞ்சு நீந்தும்வரை இரை எடுக்காது. விஜயகலா தாய்மீன்களை அலுங்காமல் பார்த்துக்கொண்டாள். முதல் தலைமுறைக் குஞ்சுகள் சுமாராக வந்தன. அவற்றுக்கும் செட்டை வெட்டி, முறை பார்த்து, இன்னும் நெருங்கிய சொந்தத்தில் சேர்த்தார்கள். இரண்டாம் தலைமுறை வந்தபோது பாதி நீந்தாமலே செத்தது. மிச்சத்தில் பல முதுகு வளைந்து, வால் ஒரு பக்கம் கோணி, தண்ணீரில் வட்டமடித்தன.

குஞ்சு வாங்குகிற தெஹியோவிட்ட ஜுனைதீன் முதலாளி ஒன்றைக் கண்ணாடிக் கிளாஸில் பிடித்து ஏழுமலையின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தலைவரே, நான் மீன்தானே கேட்டேன்? நீங்க கேள்விக்குறி வளத்து வச்சிருக்கீங்க."

அவர் வெறும் வேனோடு திரும்பிப் போனது தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இனிக் காரணம் வேண்டும். முறையில் பிழையில்லை, அதை ஏழுமலையே பார்த்துப் பார்த்துச் சேர்த்தார். தண்ணீரும் தீனும் சரி. மிஞ்சியது கை. முறை மாப்பிள்ளையை உதறிவிட்டு வெளியில் போனவளின் கை மீனில் பட்டால் மீன் எப்படி நேராக இருக்கும் என்று அவர் ஒருநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் சொன்னார். சொன்னதும் அது எல்லோருக்கும் முன்பே தெரிந்த விஷயம் போலாகிவிட்டது.

ஞானசேகரத்துக்கு உண்மை தெரியும். ஆய்வுகூடம் காரசாரமாகக் கேட்டிருந்தது: எல்லாச் சோடியும் நெருங்கிய உறவாக இருப்பது எப்படி? ஒன்றிரண்டு தற்செயலாக அமையலாம். தேடித்தேடிச் சேர்த்தால்தான் இப்படி வரும். பதில் எழுத உட்கார்ந்தவர் ஏழுமலையின் மனதை நினைத்தார், தோட்டத்தின் மானத்தை நினைத்தார், தன் மனைவியையும் நினைத்தார். எல்லோரையும் நினைத்த பிறகு, "பராமரிப்பாளரின் கவனக்குறைவு" என்று எழுதினார். அதில் யாருடைய மனமும் நோகாது என்று அவருக்குத் தோன்றியது. விஜயகலா அந்த யாரில் ஒருத்தியாக அன்று அவர் நினைவுக்கு வரவில்லை. அவளை மாதக் கடைசியில் மலை வேலைக்கே திருப்பி அனுப்புவதென்று குழுவும் அவரும் பேசி முடித்தார்கள்.

அதை அறிவிக்க வைத்த கூட்டம் ஆடிப் பூசையன்று அமைந்தது. பூசைக்கு வரும்படி குழு கேட்டிருந்ததால் ஞானசேகரத்தின் மனைவி நாகேஸ்வரியும் ஜீப்பில் வந்திருந்தார். பாடசாலையில் படிப்பிக்கிறவர். கஞ்சி குடித்துவிட்டு, ஆண்கள் பேசத் தொடங்குமுன் தொட்டிகளைப் பார்க்கப் போனார். அங்கே விஜயகலா கோணல் குஞ்சுகளைத் தனியே ஒரு பேசினில் விட்டு, அவித்த முட்டை மஞ்சட்கருவை விரலால் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுகளை விக்க ஏலாதெல்லோ பிள்ளை. ஏன் மினக்கெடுறீர்?"

"விக்க முடியாதுங்க டீச்சர். ஆனா பசிக்குமேங்க."

நாகேஸ்வரி பேசினருகே குந்தினார். நேரே நீந்த முடியாத ஒரு குஞ்சு சுற்றிச்சுற்றி வந்து எப்படியோ தீனைப் பிடித்தது. ஏன் இப்படி ஆயிற்று என்று அவர் கேட்டார். விஜயகலா குறையாகச் சொல்லவில்லை; இருப்பதைச் சொன்னாள். மீன்கள் எல்லாம் ஒழுங்காக மாமன் மகள், அத்தை மகள் என்று முறைப்படிதான் சேர்ந்தன, தான் ஒருத்திதான் முறை தவறியவள், இன்றைக்குக் கூட்டத்தில் நிறுத்திவிடுவார்கள், காலைக் காட்டி இன்னொரு தரம் டாக்டரிடம் சான்றுத் துண்டு வாங்கினால் காம்பராவை விட்டு வைப்பார்களா என்று டீச்சருக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

நாகேஸ்வரிக்கு அது தெரியவில்லை. ஆனால் ஆய்வுகூடத்துக் கடிதங்களைச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கும் மனிதரோடு வாழ்கிறவருக்கு மற்றது, மீன் ஏன் கோணியது என்பது, தெரியும். கைகழுவிக்கொண்டு மடத்துக்கு நடந்தார்.

அங்கே ஞானசேகரம் மிக மெதுவான குரலில், யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, ஆனாலும் பராமரிப்பில் ஒரு சிறிய குறை என்று தொடங்கியிருந்தார். ஏழுமலை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ," என்றார் நாகேஸ்வரி வாசலில் நின்றபடி. "அந்தப் பிள்ளையில என்ன பிழை? நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

ஞானசேகரம் வாயைத் திறந்து மூடினார்.

"நான் இவருக்கு மாமா மகள்," என்று நாகேஸ்வரியே சொன்னார். "மீன் கணக்கில மாமா மகளும் சித்தப்பா மகளும் ஒண்டுதான். ரெண்டும் ஒரேயளவு கிட்டத்து இரத்தம். கிட்டத்தில சேக்கச் சேக்கக் குஞ்சு கெடும். இது இவருக்கு முதல் நாளே தெரியும். உங்களையும் என்னையும் நோகடிக்கக்கூடாதெண்டு சொல்லேல்லை. அதுக்காக அந்தப் பிள்ளை வீட்டை விட்டுப் போகவேணுமோ?"

அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் மாமன் மகளையோ அத்தை மகனையோ கட்டியவர்கள். கணவன் மனைவியையும் மனைவி கணவனையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். ஏழுமலை எழுந்தார்.

"நானும் அத்த மகளத்தாங்க கட்டியிருக்கேன். அப்ப நாங்க செஞ்சதெல்லாம் பாவமாங்கம்மா?"

"பாவமெண்டு ஆர் சொன்னது? நாங்கள் பெத்த பிள்ளை எப்பிடிப் பிறந்தாலும் மடியில வச்சு வளர்ப்பம். ஆரைக் கட்டுறதெண்டது அவரவர் விருப்பம். மீன் குஞ்சை விக்கிறதுக்கெல்லோ வளக்கிறியள். அதுக்கு ஏன் எங்கட முறை?"

ஞானசேகரம் எழுந்து, பிழை என்னுடையது, எழுதியதை மாற்றி எழுதுகிறேன் என்றார். அவ்வளவில் விஷயம் முடிந்திருக்கலாம். அதிகாரி பிழையை ஏற்றுக்கொண்டால் கமிட்டிகள் வழக்கமாக நிம்மதியாகக் கலையும். சிலர் செருப்பையும் தேடத் தொடங்கினார்கள். ஏழுமலை உட்காரவில்லை.

"சேர் சொல்லாம விட்டாரு, சரி. ஆனா அந்தப் புள்ள கைதான் காரணம்னு சொன்னது நானு. அத எனக்கு யாரும் படிச்சுக் குடுக்கல. அது வேலையில இருக்கட்டும். அதுமேல குத்தம் இல்ல."

சொல்லிவிட்டு அவரும் செருப்பைத் தேடினார். நல்ல காரியம் செய்தவர்கள் அந்த இடத்தில் அதிக நேரம் நிற்க விரும்புவதில்லை.

தலைமைக் காரியாலயத்துக்கு ஞானசேகரம் திருத்தி எழுதினார். இந்தமுறை ஒளிவுமறைவில்லை, கற்பித்தவன் உண்மையை மறைத்தான் என்றே எழுதினார். வேலை போகும் என்று எதிர்பார்த்தார். பாராட்டுத்தான் வந்தது. இது அரிய அனுபவம், உள்ளூர் வழமைகளுக்கு மதிப்பளிப்பது எப்படி என்பதைப் பற்றி மற்ற மாவட்ட அதிகாரிகளுக்கு அவர் இரத்தினபுரியில் ஒரு நாள் வகுப்பு எடுக்க வேண்டும், மத்தியானச் சாப்பாடு உண்டு என்று கடிதம் சொன்னது. நாகேஸ்வரி அதை வாசித்துச் சிரித்துக்கொண்டே சோறு போட்டார்.

புதிய ஆண்மீன்கள் கொடகவெலப் பக்கத்து அரசாங்கக் குளமொன்றிலிருந்து பிராணவாயு நிரப்பிய பைகளில் வந்தன. "உங்கள் தொட்டியிலுள்ள எந்த மீனுக்கும் எவ்வித உறவும் இல்லை" என்று கூடவே சான்றிதழ் இருந்தது. ஏழுமலை அதைப் பொருந்தாத சாதகத்தை வாசிப்பதுபோல இரண்டு தரம் வாசித்தார். வரவேண்டியதில்லை என்று ஞானசேகரம் சொல்லியிருந்தும் அவர் வந்திருந்தார். பழைய சோடிகளைத் தானே வலையில் அள்ளிப் பிரித்து வைத்தார். ஒரு பெண்மீனை மட்டும் கொஞ்ச நேரம் கையில் தண்ணீரோடு வைத்திருந்து, பிறகு தொட்டியில் விட்டார்.

விஜயகலா முதல் ஆண்மீனை வாளியில் எடுத்துக்கொண்டு வலைக்கூட்டருகே நொண்டி வந்தாள். அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எந்த ஊர்க் குட்டையோ. ஆளு எப்படி?"

"நல்லாத் திங்கிறான் மாமா. யாரையும் முட்டுறதில்ல. போதாதா?"

அவர் அவளுக்குப் பின்னாலிருந்த மரத்தைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார். பார்த்துவிட்டு, வலையின் விளிம்பைத் தாழ்த்தப் போனவர் சட்டென்று கையை எடுத்து மணிக்கூட்டைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறு புள்ள. ராகு காலம் போகட்டும்."

சிரிக்க வேண்டிய இடம்தான். அவள் சிரிக்கவில்லை. வாளியை நிழலில் வைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள். காலை நீட்டிக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். தள்ளி உட்காருவாரோ என்று அவள் பார்த்திருக்க, ஏழுமலை அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, பிள்ளை நடக்க ஆரம்பிச்சிருச்சா என்று கேட்டார்.